விசா ஆள், பனியன் கம்பெனி ஆள்: யாருக்குப் பேரம் பேச வாய் இருக்கிறது?

"வடக்கத்தி ஆட்களை உள்ளே விடாதீங்க, கூலி தானா ஏறும்." திருப்பூர் டீக்கடையில் இந்தப் பேச்சு சாதாரணம். பவர்டேபிளில், அதாவது தையல் மிஷின் வரிசையில், குறைந்த பீஸ் ரேட்டுக்கு ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்து மிஷின்காரருக்கும் அடி விழும்தான். ஆனால் தடை போட்டால் ஏறிவிடுமா?

ஒடிசாவிலிருந்து வந்த டெய்லருக்கு விசா தேவையில்லை. நாட்டுக்குள் எங்கும் போய்ப் பிழைக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு. மொழி தெரியாது, சங்கத்தில் பேர் இல்லை, கான்ட்ராக்டர் தயவு வேண்டும். எல்லாம் சரி, ஆனால் எதிர்க் கம்பெனியில் ரேட் கூட என்றால் அங்கே போய்விடலாம். 2023 மார்ச்சில், வடக்கத்தி ஆட்களைத் தாக்குகிறார்கள் என்ற வதந்தியை நம்பி இவர்கள் ரயிலேறியபோது பதறியது கம்பெனிக்காரர்கள்.

இதே கொங்குச் சீமையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவரைப் பாருங்கள். கஃபாலா முறையில் விசா முதலாளியின் கையில். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ஊரில் வட்டி ஓடும். இந்த முறை இறுக்கமாக இருக்கும் இடங்களில் கம்பெனி மாற அதே முதலாளி சம்மதிக்க வேண்டும். சொல்லாமல் போனால், ஓடிவிட்டார் என்று ஒரு புகார் போதும், சட்டவிரோத ஆளாகிவிடுவார். இந்த நிலையில் சம்பளம் கூட்டு என்று யார் கேட்பார்கள்? கத்தார் 2020இல் அந்தச் சம்மத விதியை நீக்கி, மறு வருடம் 1000 ரியால் குறைந்தபட்சக் கூலியும் வைத்தது. வெளியாட்களை விரட்டி அல்ல, கட்டை அவிழ்த்து.

கட்டிப்போட எல்லைக்கோடுகூடத் தேவையில்லை. நம் நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று தமிழ்ப் பெண்களையே ஹாஸ்டலில் வைத்து, மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தப் பணம் என்றார்களே. நடுவில் கிளம்பினால் அந்தப் பணம் போச்சு.

அப்புறம், கதவை நிஜமாகவே சாத்திய கதை. மெக்சிகோ விவசாயக் கூலிகளுக்கான பிரசேரோ ஏற்பாட்டை அமெரிக்கா 1964இல் முடித்தது, உள்ளூர்க் கூலி ஏறட்டும் என்று. பிற்கால ஆய்வில் அப்படி ஏறியதற்குத் தடயம் இல்லை. கலிஃபோர்னியா தக்காளித் தோட்டங்களில் ஆளுக்குப் பதில் அறுவடை மிஷின் இறங்கியது. திருப்பூரில் சாத்தினால் மிஷின் வருமோ, ஆர்டர் வங்கதேசம் போகுமோ!

கூலி கேட்க வழி, சேர்ந்து நிற்பதுதான். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்ட்ரைக் நடந்தது இதே ஊரில். இன்று அப்படி ஒன்று நடத்த வேண்டுமென்றால் சங்க ஆபீசில் இந்தியும் ஒடியாவும் பேசுகிற ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.