வேலூர் ஜெராக்ஸ் கடை 'அமெரிக்க வரலாறு 1865–1900' நோட்ஸ்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வேலூரில் கல்லூரிகளை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டு விற்கிற தமிழ் நோட்ஸ் இது. பி.ஏ. வரலாறு படிப்பவர்களும் ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வுக்குத் தயாராகிறவர்களும் வாங்குகிறார்கள். தொகுத்தவர் பெயர் கிடையாது. எழுத்து பெரிசு, தாளும் கனம். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும்; பத்து மதிப்பெண்ணுக்குத் தாங்காது.

காரணம், பாடத்தைப் பிரித்த விதம். மேற்கே குடியேற்றம், தொழில் வளர்ச்சி, வெளிநாட்டவர் வருகை என்று மூன்று பாடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழியே இல்லை. காட்டெருமையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் வந்தது, வேட்டையாடி அழித்தார்கள் என்று ஒரே வரி. எதற்காக அழித்தார்கள்? 1870-களின் தொடக்கத்தில் அந்தத் தடித்த தோலைப் பதனிடும் முறை கைவந்தது. கிழக்கே ஆலைகளில் இயந்திரங்களை ஓட்டும் பெல்ட்டுக்கு அந்தத் தோல் வாகாக இருந்தது. ரயில் ஏற்றிக்கொண்டு போனது. 1880-களின் முடிவில் காட்டெருமைகள் ஆயிரத்தைச் சுற்றித்தான் மிச்சம். அவற்றை நம்பி வாழ்ந்த சமவெளிப் பழங்குடிகள் அரசு ஒதுக்கிய இடங்களுக்குள் முடங்க இதுவும் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகளிடம் தோலில் தொடங்கினால் பாதிப் பாடம் தானாக ஏறும். (குரோம் உப்பால் தோல் பதனிடுவதை வணிக அளவுக்குக் கொண்டுவந்த காப்புரிமையும் 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் வாங்கியதுதான். நோட்ஸில் அதற்கு இடமில்லை. எஃகு முதலாளி கார்னகி படத்துக்கு மட்டும் முழுப் பக்கம்.)

நிலப் பகுதி இன்னும் மோசம். 160 ஏக்கர் இலவசம் என்பதோடு சரி. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயது ஆனவர் அல்லது குடும்பத் தலைவர், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் வைத்தால் பட்டா. நிலம் கேட்கும்போது குடியுரிமை இருக்க வேண்டும், இல்லை அதற்கு மனுவாவது கொடுத்திருக்க வேண்டும். மனுவே போதும் என்பதுதான் ஐரோப்பியருக்குக் கதவைத் திறந்தது. ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த நில மானியத்தைப் படம் போட்டே விளக்க வேண்டும்: 6 மைலுக்கு 6 மைல் சதுரம், அதில் 36 கட்டம், கட்டத்துக்கு 640 ஏக்கர், ஒற்றைப்படை எண் கட்டங்கள் ரயிலுக்கு. பசிபிக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதைக்கு 1862-இல் மைலுக்கு 10 கட்டம், 1864-இல் 20. இப்படிக் கிடைத்த நிலத்தை விற்கத்தான் ரயில் கம்பெனிகள் ஐரோப்பாவில் ஏஜென்ட் வைத்து ஆள் பிடித்தன. ஏரியும் கிணறும் பார்த்து வளர்ந்த நமக்கு 160 ஏக்கர் ஜமீன் மாதிரித் தெரியும். மழை குறைந்த மேற்குச் சமவெளியில் அது ஒரு குடும்பத்துக்கே பத்தாமல், பட்டா வாங்குமுன் விட்டுப்போனவர்கள் ஏராளம். நோட்ஸில் இது எதுவும் இல்லை.

வாங்கியதும் பேனாவால் திருத்த வேண்டியவை சில. 1892 ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தத்தை நிலச் சட்டத்தோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். அந்த ஹோம்ஸ்டெட், பென்சில்வேனியாவில் கார்னகியின் எஃகு ஆலை இருந்த ஊர். 1880-களில் வந்த வெளிநாட்டவரை, குடியேறிகளைச் சோதித்து உள்ளே விடும் நியூயார்க் எல்லிஸ் தீவில் இறக்குகிறார்கள். அது திறந்ததே 1892 ஜனவரி 1-இல், 1890 வரை அந்த வேலை நடந்தது நியூயார்க்கில் காஸில் கார்டனில்தான். 1882 சட்டம் சீனர் எல்லோரையும் தடுத்ததாக எழுதியிருப்பதும் தப்பு. தடை தொழிலாளருக்கு, முதலில் பத்து வருடத்துக்கு. வணிகருக்கும் மாணவருக்கும் விலக்கு உண்டு. நீட்டித்து நீட்டித்து 1943-இல்தான் நீக்கினார்கள். 1869-இல் முடிந்த சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டதே பெரும்பாலும் சீனத் தொழிலாளர்தான் என்பதை இங்கே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டிக் கம்பெனிகளை ஒரே கைக்குள் கொண்டுவந்த டிரஸ்ட் பற்றிய பாடம் மட்டும் வேறு யாரோ எழுதியது போல அருமை. ராக்ஃபெல்லர் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் போட்டியாளர்களை வளைத்துப்போட்டதையும், கார்னகி இரும்புத்தாதிலிருந்து எஃகு வரை எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்ததையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏகபோகத்தைத் தடுக்க வந்த 1890 ஷெர்மன் சட்டம் தொழிற்சங்கத்தின் மேலேயே பாய்ந்ததற்கு ரயில் தொழிலாளரின் 1894 புல்மன் வேலைநிறுத்தத்தைச் சொல்வதும் சரியான எடுத்துக்காட்டு. இந்தப் பாடத்தை அப்படியே படிக்கலாம்.

வரைபடப் பக்கம் நகலின் நகல். ராக்கி மலை எது, மிசிசிப்பி எது என்றே தெரியாது. அட்லஸிலிருந்து அந்த ஒரு பக்கத்தை எடுத்துப்போனால், பைண்டிங் போடும்போது கடையிலேயே மாற்றிச் சேர்த்துத் தருகிறார்கள்.