குவார்ட்சைட் லா போசா: 180 டாலருக்கு ஏழு மாசம் தங்கலாம், வண்டி வேலையும் முடிச்சுக்கலாம்

ஆர்வில, அதாவது படுக்கை, சமையல், டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டில, குடியிருக்கிறவங்க குளிர்காலத்துக்கு எங்க போய் நிக்கிறதுன்னு கேட்டா நான் முதல்ல சொல்ற பேரு லா போசாதான். அரிசோனால ஐ-10 ஹைவேயும் யு.எஸ். 95ம் வெட்டிக்கிற இடத்துல குவார்ட்சைட்னு ஒரு சின்ன ஊரு, அதுக்கு தெக்கால 95 ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் 11,000 ஏக்கருக்கு மேல விரிஞ்சு கிடக்கிற பாலைவனம். அமெரிக்க அரசாங்க நிலங்கள பாத்துக்கிற பி.எல்.எம். நடத்துறது. நீண்ட நாள் தங்குறவங்களுக்குன்னே ஒதுக்கினது, இங்க எல்லாரும் எல்.டி.வி.ஏ.ன்னுதான் சொல்வாங்க. செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் முழு சீசனுக்கும் பர்மிட் 180 டாலர், 14 நாளைக்கு மட்டும்னா 40. நாங்க வாங்கினப்போ இருந்த ரேட் இது, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. எட்டு வாரத்துக்கு மேல இருக்கப்போறீங்கன்னா சீசன் பர்மிட்தான் லாபம், ஏழு மாசமும் இருந்தா மாசத்துக்கு 26 டாலர்கூட வராது. அதே ஸ்டிக்கர வச்சுக்கிட்டு யூமா பக்கம் இம்பீரியல் டேம், ஹோல்ட்வில் பக்கம் ஹாட் ஸ்பிரிங் மாதிரி மத்த எல்.டி.வி.ஏ.லயும் போய் தங்கலாம், தனியா காசு கிடையாது.

ஆனா காசு கம்மிங்கறதுக்காக மட்டும் நான் இத எழுதல. காசே இல்லாம தங்கணும்னா குவார்ட்சைட்ட சுத்தி டோம் ராக், பிளமோசா ரோடுன்னு பி.எல்.எம். இடம் நிறைய இருக்கு, ஆனா அங்கல்லாம் 14 நாள்ல காலி பண்ணிட்டு தள்ளிப் போயிடணும். இங்க அந்த அவசரம் இல்ல. முழு நேரமா வண்டில இருக்கிறவங்களுக்கு வீடும் அதுதான் வண்டியும் அதுதான், ஒர்க்‌ஷாப்ல விட்டா ராத்திரி தூங்குறதுக்கு வேற இடம் தேடணும், தனியார் ஆர்வி பார்க்ல நின்னா பல இடத்துல சைட்ல வச்சு ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு ரூல் போட்டிருப்பாங்க. வருஷத்துல ஒரு தடவையாவது ஒரே இடத்துல நின்னு, மேல கீழ உள்ள வெளியனு வண்டிய முழுசா பாத்து முடிக்க ஒரு இடம் வேணும். அதுக்கு லா போசா மாதிரி இன்னொரு இடம் நான் பாக்கல.

முதல்ல ரூஃப். எங்க வண்டி ஃபோர்டு இ-450 சேஸிஸ்ல வர்ற கிளாஸ் சி மோட்டார்ஹோம், மேல ரப்பர் ரூஃப். வென்ட், ஏசி, ஆன்டெனா எல்லாத்தையும் சுத்தி போட்டிருக்கிற சீலன்ட் வெயில்ல காஞ்சு முடி மாதிரி கோடு கோடா வெடிக்கும், கீழ நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஏறி உக்காந்து விரலால தடவிப் பாத்தாதான் தெரியும். அந்த வெடிப்பு வழியா தண்ணி இறங்கினா உள்ள பிளைவுட் ஊறி, சீலிங்ல மஞ்சக் கறை தெரியறதுக்குள்ள மரம் மக்கிப் போயிருக்கும், அப்புறம் ஆயிரக்கணக்குல செலவு. குவார்ட்சைட்ல டிசம்பர் ஜனவரில பகல்ல 20 டிகிரி செல்சியஸ் பக்கத்துல இருக்கும், மழை ரொம்ப அபூர்வம், காத்துல ஈரமே இருக்காது, சீலன்ட் வேலைக்கு இதவிட நல்ல க்ளைமேட் கிடைக்காது. பழசு நல்லா ஒட்டிட்டு இருந்தா உரிக்க வேண்டாம், தூக்கிட்டு நிக்கிற பகுதிய மட்டும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால எடுத்துட்டு, சுத்தமா துடைச்சு, டைக்கர் செல்ஃப் லெவலிங் சீலன்ட மேல ஊத்தினா அதுவா பரவி சமமாகி நிக்கும். ஓரத்துல சரிவா இருக்கிற இடத்துக்கு வழியாத டைப்னு தனியா இருக்கு, அத வாங்குங்க. ரப்பர் ரூஃப்ல சாதா சிலிக்கான் மட்டும் வைக்கவே வைக்காதீங்க, அது மேல அப்புறம் வேற எதுவும் ஒட்டாது. பெட்ரோலியம் கலந்த கிளீனரும் கூடாது, ரப்பர் உப்பிடும்.

அடுத்தது டயர். ஆர்வி டயர் தேஞ்சு போறதவிட வயசாகித்தான் போகும், மேல பட்டன் நிறைய இருக்கேன்னு நம்பி ஓட்டுவாங்க, 7 வருஷம் ஆன டயர் ஹைவேல வெடிச்சு வீல் ஆர்ச்சோட சேத்து அடியில போற வயரையும் பைப்பையும் கிழிச்சுட்டுப் போகும். சைடுல டாட்னு ஆரம்பிக்கிற நம்பர் வரிசைல கடைசி நாலு இலக்கத்த பாருங்க, 3221ன்னு இருந்தா 2021ல 32வது வாரம் செஞ்சது. ஒரு பெரிய ஊர்ல டயர் கடைல புது டயர்னு சொல்லி எங்களுக்கு மாட்டப் போனது ரெண்டு வருஷத்துக்கு மேல குடோன்ல கிடந்தது, நம்பர காட்டி கேட்டதுக்கப்புறம்தான் உள்ள போய் வேற எடுத்துட்டு வந்தாங்க. பில் போடுறதுக்கு முன்னாடியே டயர கண்ணால பாத்துடுங்க. பின்னாடி ரெட்டை டயர் இருக்கிற வண்டில உள் டயரோட வால்வு கைக்கு எட்டாது, அதுக்கு எக்ஸ்டென்ஷன் மாட்டி வச்சுட்டா காத்து பாக்க சோம்பல் வராது. வீல கழட்டி மாட்டினா 50லேர்ந்து 100 மைல் ஓட்டின பிறகு நட்ட திரும்ப டார்க் ரெஞ்ச் போட்டு டைட் பண்ணணும், இ-450க்கு 140 அடி-பவுண்ட்.

ஜெனரேட்டரையும் சொல்லிடறேன். ஓனான் 4000 வச்சிருக்கிறவங்க 150 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும், ஓட்டாம வச்சிருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை பாதி லோடு குடுத்து ரெண்டு மணி நேரம் ஓட விடணும், இல்லேன்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் பிசின் கட்டிக்கும். ஆயில் மாத்தும்போது ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாது, கீழ தட்டு வச்சு பிடிச்சு கேன்ல ஊத்தி எடுத்துட்டுப் போனா பல ஆட்டோ பார்ட்ஸ் கடைல சும்மாவே வாங்கிப்பாங்க. இந்த நிலம் எல்லாருக்கும் பொது, நாளைக்கு இன்னொரு குடும்பம் அதே இடத்துல நாற்காலி போட்டு உக்காரும். சுபர்பன் வாட்டர் ஹீட்டர் இருந்தா ஆனோட் ராட கழட்டி பாருங்க, முக்கால்வாசி கரைஞ்சிருந்தா மாத்திடுங்க, அது கரையலேன்னா டேங்க்தான் கரையும்.

நமக்கு தெரியாத வேலைனா சீசன்ல வண்டி நிக்கிற இடத்துக்கே வந்து பாக்குற டெக்னீஷியன்கள் நிறைய பேர் இருக்காங்க. பக்கத்து வண்டிக்காரங்களும் பெரிய உதவி. ரிட்டயர் ஆகி கனடாலேர்ந்து வருஷா வருஷம் வர்ற ஒரு தாத்தா எங்க வண்டில ஏறுற படிய இயக்குற மோட்டார பிரிச்சு கிரீஸ் போட்டு மாட்டிக் குடுத்தார், ஒரு பைசா வாங்கல, நான் குடுத்த லெமன் ரைஸ மட்டும் ரெண்டு தடவை வாங்கி சாப்பிட்டார்.

வசதின்னு பாத்தா குடிதண்ணி, கழிவுத்தண்ணி டேங்க காலி பண்ற டம்ப் ஸ்டேஷன், குப்பைத் தொட்டி எல்லாம் லா போசா சவுத்ல இருக்கு, பர்மிட்லயே அடக்கம். கரன்ட் கிடையாது, தண்ணி கனெக்‌ஷன் கிடையாது. சோலார் இல்லாம வராதீங்க, தினமும் ஜெனரேட்டர ஓட்டி காலம் தள்ளுறது உங்களுக்கும் கஷ்டம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கஷ்டம், ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் ஓட்டவும் கூடாது. பாத்திரம் கழுவின தண்ணியகூட தரையில விடக்கூடாது. டாய்லெட், டேங்க் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டினா எங்க வேணா நிக்கலாம், டென்ட்டோ வெறும் வேனோ இருந்தா பொது டாய்லெட்லேர்ந்து 500 அடிக்குள்ள நிக்கணும். ஓடை மாதிரி மணல் படுகை இருக்கும், வாஷ்னு சொல்வாங்க, அதுல நிறுத்தாதீங்க, மழை எங்கயோ மலைல பெஞ்சாலும் தண்ணி இங்க வந்துடும். உள் ரோடெல்லாம் கடகடன்னு வண்டிய உலுக்கும், மெதுவா போங்க, போய் நின்னதும் அலமாரி ஸ்க்ரூ எல்லாம் ஒரு சுத்து பாத்துடுங்க. தூசி ஜாஸ்தி, காத்து அடிக்கிற அன்னிக்கு ஜன்னல் திறக்கவே முடியாது, ஆஸ்துமா இருக்கிறவங்க யோசிச்சு வாங்க.

ஜனவரில ஊரே மாறிடும். பெரிய டென்ட் போட்டு ஆர்வி ஷோ, பக்கத்துல கல்லு, ரத்தினம் விக்கிற சந்தைகள், எங்க பாத்தாலும் வண்டி. பார்ட்ஸ் வாங்கணும், சோலார் பத்தி நாலு பேர்ட்ட விசாரிக்கணும்னா அந்த சமயம் வாங்க. நிம்மதியா வேலை பாக்கணும்னா நவம்பர், டிசம்பர் இல்ல பிப்ரவரி பாதிக்கு மேல. ஏப்ரல் வந்தா கிளம்பிடணும், கோடைல 40 டிகிரியத் தாண்டிப் போற ஊரு.

வேலை இல்லாத நாள்ல சுத்திப் பாக்க இடம் இருக்கு. 95ல தெக்கால 18 மைல் போனா கோஃபா வனவிலங்கு சரணாலயம், 1939ல ஆரம்பிச்சது, கிங் ஆஃப் அரிசோனான்னு ஒரு தங்கச் சுரங்கம் இருந்துச்சு, அந்த பேர சுருக்கித்தான் கோஃபா. அங்க மண் ரோட்டுல கிட்டத்தட்ட 7 மைல் உள்ள போய் அரை மைல் ஏறினா பாம் கேன்யன். செங்குத்துப் பாறை இடுக்குல பனை மரம் கூட்டமா நிக்கிறத பாத்து எனக்கு பேச்சே வரல, கலிஃபோர்னியா விசிறிப் பனைனு சொல்றாங்க, ஓலை அச்சு அசல் நம்ம பனை ஓலை மாதிரியே விரிஞ்சிருக்கு. நடுப்பகல்ல போங்க, அந்த இடுக்குல வெயில் விழுறது அப்போ கொஞ்ச நேரம்தான், காலைல சாயங்காலம் போனா நிழல்ல மரமே சரியா தெரியாது. மண் ரோட்டுக்கு ஆர்விய கொண்டு போகாதீங்க, பின்னாடி கட்டி இழுத்துட்டு வர்ற கார் இருந்தா அதுல போங்க.

ஊருக்குள்ள ஹை ஜாலி சமாதி. 1856ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சாமான் தூக்க ஒட்டகம் இறக்கினப்போ கூட வந்த ஹாஜி அலிங்கறவர், பேர வாய்ல நுழையாம ஹை ஜாலின்னு ஆக்கிட்டாங்க, 1902ல இங்கதான் இறந்தார். கல்லால கட்டின சின்ன பிரமிட், உச்சில ஒரு ஒட்டகம். பத்து நிமிஷத்துல பாத்துடலாம், ஆனா கட்டாயம் பாருங்க, எங்கேர்ந்தோ வந்து இந்த மண்ணுல நிலைச்சவருக்கு ஊரே மரியாதை பண்ணியிருக்கு. மேற்கே பிளைத்ங்கற ஊர தாண்டி வடக்கால போனா தரையில கீறி வரைஞ்ச பெரிய மனுஷ உருவங்கள், ஒண்ணு 171 அடி நீளம், வேலி போட்டு காப்பாத்தி வச்சிருக்காங்க. லேக் ஹவாசு ஊர்ல லண்டன்லேர்ந்து கல்லு கல்லா பிரிச்சு கொண்டாந்து 1971ல திறந்த பழைய லண்டன் பிரிட்ஜ். பல்லு, மூக்குக்கண்ணாடி வேலை இருந்தா யூமா தாண்டி மெக்சிகோல லாஸ் அல்கோடோனஸ், பார்டர நடந்தே தாண்டலாம், பாஸ்போர்ட் மறக்காதீங்க.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம். உளுந்து, இட்லி அரிசி எல்லாம் ஃபீனிக்ஸ் பக்கம் போனாத்தான் கிடைக்கும், ரெண்டு மணி நேரம் ஆகும், வரும்போதே மொத்தமா ஏத்திட்டு வந்துடுங்க. ராத்திரி குளிருக்கு மாவு புளிக்காது, இன்வெர்ட்டர் இருக்கிற கம்பார்ட்மென்ட் பக்கத்துல வச்சா காலைல நல்லா பொங்கியிருக்கும்.

ஸ்கூல் போற பசங்க இருக்கிற குடும்பத்துக்கும், தினமும் ஹூக்கப், அதாவது கரன்ட், தண்ணி கனெக்‌ஷன், இல்லாம முடியாதுங்கறவங்களுக்கும் இது சரிப்படாது. மத்தவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். முதல் தடவை வர்றவங்க லா போசா சவுத்லயே நில்லுங்க, தண்ணியும் டம்பும் கிட்ட இருக்கும். பழகினதுக்கப்புறம் ஆள் கம்மியா இருக்கிற இடமா பாத்து தள்ளிப் போய்க்கலாம்.