65,000 ரூபாய் போய்விட்டது: பங்களா சாமான் என்று சொல்லிக் கண்ணாடி விற்கிறவர்களிடம் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா போகிற மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு பழைய சாமான் கடை, இணையத்திலும் படம் போட்டு விற்கிற கடை, என்னிடம் 65,000 ரூபாயை வாங்கிக்கொண்டு புதுக் கண்ணாடி ஜக் செட்டைத் துரை பங்களாவில் இருந்த விக்டோரியா காலத்துச் சாமான் என்று தலையில் கட்டிவிட்டது. பெயரைப் போடவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுக்கப் போகிறேன், அதுவரை பொறு என்று தெரிந்தவர்கள் சொன்னதால் மட்டும்தான்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கான் (தண்ணீர் ஓடும் வடிகால்) வெட்டும்போதும் பழைய பங்களாக்களுக்குப் பின்னால் மண் சரியும்போதும் போத்தல்கள் வெளியே வரும். கழுத்துக்குள் கோலிக்குண்டு உருளும் சோடாப் போத்தல், அடி கூராகி நிமிர்த்தி வைக்கவே முடியாத போத்தல் (படுக்கவைத்தால்தான் தக்கை ஈரமாக இருந்து கேஸ் போகாது, அதற்காகவே அப்படிச் செய்தார்கள்), நீல மருந்துச் சீசா. நான் சேர்க்கத் தொடங்கியது இப்படித்தான். காசு கொடுத்து வாங்கியது குறைவு, அதுவும் சின்னக் காசு.

இந்தச் செட் வேறு. ஒரு ஜக், ஆறு கிளாஸ், மஞ்சள் கலந்த பச்சை. படத்தைப் பார்த்துவிட்டு நேரில் போனேன். கடைக்காரர் உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்து, எந்தத் தோட்டம், யார் பிள்ளை என்றெல்லாம் விசாரித்தார். தலவாக்கலை பக்கம், தாத்தா பெரிய துரை (தோட்ட மேனேஜர்) பங்களாவில் அப்புவாக (வீட்டு வேலைக்காரராக) இருந்தவர் என்று சொன்னேன். அவ்வளவுதான், மனிதருடைய முகமே மாறிவிட்டது. "அப்படியா தம்பி, அப்போ இது ஒங்க கைக்கு வர வேண்டிய சாமான்தான். 1975இல தோட்டத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்தப்போ கம்பெனித் துரை வச்சிட்டுப் போனது, அந்தப் பக்கத்து அப்பு வீட்டுலதான் இவ்வளவு காலமும் இருந்திச்சு. நம்ம ஆளுங்க தொடச்சு வச்ச கிளாஸ், வெளி ஆளுக்குக் கொடுக்க மனசு வரல" என்றார். என் தாத்தாவைப் பற்றி நான் சொன்னதை எடுத்து ஐந்து நிமிஷத்தில் எனக்கே திருப்பி விற்றிருக்கிறார். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான், காசுக்கு அடுத்தபடியாக.

அப்புறம் கதவைச் சாத்திவிட்டு ஊதா வெளிச்ச டார்ச்சை அடித்தார். இருட்டில் ஜக் பளிச்சென்று பச்சையாக எரிந்தது. "யுரேனியம் கண்ணாடி, 1860இல செஞ்சது, அடியில இங்கிலாந்து பதிவு நம்பர் கூட இருக்கு, பாருங்க." பார்த்தேன், இருந்தது. 20,000 ரூபாய் அட்வான்ஸை வங்கியில் போட்டேன், மிச்சம் 45,000 ரூபாயைக் கையில் கொடுத்துச் செட்டை எடுத்து வந்தேன். பில்லில் எழுதியிருப்பது "கண்ணாடி ஜக் செட் 1". காலம் இல்லை, யுரேனியம் இல்லை, ஒன்றும் இல்லை.

கண்டியில் பல வருஷமாகக் கண்ணாடி சேர்க்கிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் டார்ச்சைக் கையில் எடுக்கவே இல்லை, ஜக்கைக் கவிழ்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். பழைய ஜக்கின் அடியில் மேசையில் படுகிற வளையம் மட்டும்தான் தேய்ந்திருக்கும், அந்தக் கீறல்களும் நாலா பக்கமும் ஓடும், ஏனென்றால் மனிதர்கள் நூறு வருஷமாக அதை இழுத்தும் திருப்பியும் வைத்திருக்கிறார்கள். இதிலோ கோடுகள் எல்லாம் ஒரே திசையில். மேசையே தொடாத உள்குழியிலும் அதே கோடுகள். மண்கடதாசியால் தேய்த்திருக்கிறார்கள்! அடுத்தது அந்தப் பதிவு நம்பர். இங்கிலாந்தில் 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களுக்கு வைரம் போன்ற கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் போட்டார்கள், 'ஆர்.டி.' (Rd, பதிவு என்பதன் சுருக்கம்) என்று எழுதி வரிசை எண் போடும் வழக்கம் 1884இல்தான் வந்தது. 1860இல் செய்த ஜக்கில் அந்த எண் எப்படி வரும்? அதோடு அச்சில் அழுத்திச் செய்த சாமானில் அந்த எண் அச்சோடு சேர்ந்து வர வேண்டும், இது பிறகு ஊசியால் கீறியது, விரல் நகத்தில் தட்டுப்படுகிறது.

பச்சை வெளிச்சம் உண்மைதான். கண்ணாடியில் யுரேனியம் இருக்கிறது. 1830களில் பொஹீமியாவில் ரீடல் குடும்பம் செய்து பேர்வாங்கிய அதே வகை, ஆனால் அமெரிக்காவிலும் செக் நாட்டிலும் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். டார்ச் யுரேனியத்தைக் காட்டும், வருஷத்தைக் காட்டாது. இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தெரியாதவர் எதற்கு மண்கடதாசியை எடுக்கிறார்?

அன்றைக்கே போன் எடுத்தேன். "கடையில கூட்டம் தம்பி, பின்னேரம் எடுங்க." பின்னேரம் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அடியின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கடையில் ஒரு பையன், "முதலாளி பதுளைக்குப் போயிட்டார்" என்கிறான், முதலாளியின் வான் வாசலில் நிற்கிறது. கடைசியில் ஆளைப் பிடித்தபோது, கண்ணாடிச் சாமான் திருப்பி எடுக்கிறதில்லை என்றார். பிறகு, நான் 1860 என்று சொல்லவே இல்லை, பழசு மாதிரி என்றுதான் சொன்னேன் என்றார். நான் விடவில்லை என்றதும் குரலைத் தணித்து, "டூரிஸ்ட் சீசன் வருது தம்பி, ஒரு வெள்ளைக்காரன் தலையில கட்டிவிடலாம், நானே ஆள் புடிச்சுத் தாரேன், கூடின விலைக்கே விக்கலாம்" என்கிறார். என் 65,000 ரூபாய்க்கு அவர் சொல்கிற வழி, நானும் இன்னொருவரை ஏமாற்றுவது.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். டார்ச்சை மட்டும் நம்பாதீர்கள், கவிழ்த்து அடியைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிக்குள் குமிழ் இருந்தால் பழசு என்பார்கள், புதிதிலும் குமிழ் வரும். கோலிக்குண்டு சோடாப் போத்தலை இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள், அதைச் சேற்றில் புதைத்தெடுத்தும் விற்கலாம். பில்லில் என்ன சாமான், எந்தக் காலம், பொய்யானால் காசு திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். எழுத மாட்டேன் என்றால் அட்வான்ஸ் போடாதீர்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றியும் வீட்டாரைப் பற்றியும் விலை பேசி முடிக்கும்வரை வாயே திறக்காதீர்கள்.

நேற்று அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் இன்னொரு பச்சைச் செட் ஏறியிருக்கிறது. இந்தத் தடவை ஹப்புத்தளை பங்களாவாம், விலை 70,000 ரூபாய். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை பக்கம் யாராவது பார்க்கப் போவதாக இருந்தால் முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், ஜக்கின் அடிப் படங்களை அனுப்பிவைக்கிறேன்.