பூனை இருக்கும் வீட்டில் எந்தச் செடி: காவல் வேலையா, கவனிப்பு வேலையா?

வீட்டுக்குள் வைக்க ஒரு செடி சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் மூன்று பெயர்கள் உடனே வரும். மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், இசட் இசட் பிளாண்ட். தண்ணீர் விட மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும், வெளிச்சம் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும், சாகடிப்பதே கஷ்டம். மூன்றுமே பூனைக்கு ஆகாது. பூனைக்கு ஆபத்தில்லாத செடிகளைத் தேடினால் கலாத்தியா, பாஸ்டன் ஃபெர்ன், அரிகா பனை, ஆர்க்கிட் என்று வரிசையாக வருகிறது, இவற்றில் பாதி தண்ணீர் ஒரு தடவை முன்னே பின்னே ஆனாலே இலையைக் கருக்கிக் காட்டிவிடும் ரகம்.

ஆகவே பூனை வளர்ப்பவர் செடி வாங்கும்போது உண்மையில் எந்த வேலையை ஏற்றுக்கொள்கிறோம் என்றுதான் முடிவு செய்கிறார். முரட்டுச் செடியை வாங்கினால் அதைப் பூனையிடமிருந்து காவல் காக்க வேண்டும், சாதுவான செடியை வாங்கினால் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டாவது கட்சி. காவலுக்கு ராத்திரி பகல் கிடையாது, நீங்கள் தூங்கும் நேரத்தில்தான் பூனை விழித்திருக்கும். கவனிப்பு என்பது வாரத்தில் சில நிமிட வேலை. உயரத்தில் வைத்தால் எட்டாது என்பவர்கள் அநேகமாகப் பூனையை நாயோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒப்பிடவே வேண்டாத இரண்டு

லில்லியும் சாகோ பனையும். இவற்றில் சாதக பாதகம் பேச எதுவுமில்லை, வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

லில்லி என்றால் லிலியம் இனத்து லில்லிகள் எல்லாம், கூடவே டே லில்லி. இலை, இதழ், தண்டு, மகரந்தம், பூவை வைத்திருந்த ஜாடித் தண்ணீர் என்று எதுவும் விலக்கில்லை. பூனை கடிக்கக்கூட வேண்டாம். பூச்செண்டை உரசிக்கொண்டு போகும்போது ரோமத்தில் ஒட்டும் மகரந்தத்தை அப்புறம் நக்கிச் சுத்தம் செய்யும், அதுவே போதும். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், பிறகு கொஞ்சம் தெளிந்தமாதிரி இருக்கும், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். நடுவில் வரும் அந்தத் தெளிவை நம்பித்தான் பலர் மருத்துவரிடம் போகத் தாமதிக்கிறார்கள். லில்லிச் செடியை வீட்டில் வைக்காதவர்கள்கூட பரிசாக வரும் பூச்செண்டில் ஏமாந்துபோவார்கள், அதனால் செண்டு வந்தால் முதலில் அதில் என்ன பூ இருக்கிறது என்று பாருங்கள்.

சாகோ பனை உண்மையில் பனையே இல்லை, சைக்கஸ் என்ற வேறு தாவர வகை. அதிலுள்ள சைக்கசின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கும், விதையில் அது மிக அதிகம். கடையில் அரிகா பனைக்குப் பக்கத்திலேயே இதையும் நிறுத்தியிருப்பார்கள், ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும். சாகோவின் இலைகள் விறைப்பாக, நுனி கையில் குத்தும்படி, சொரசொரப்பான ஒற்றை அடிமரத்தின் உச்சியிலிருந்து வட்டமாக விரியும். அரிகாவில் மெல்லிய தண்டுகள் பல அடியிலிருந்தே கொத்தாகக் கிளம்பும், இலை மென்மையாக வளையும். அரிகா பூனைக்குப் பாதுகாப்பானது, அதன் சிறிய மாற்று பார்லர் பனையும் அப்படியே. இரண்டில் அரிகாவுக்கு நல்ல வெளிச்சமும் இடமும் வேண்டும், காற்று வறண்டால் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் பிடிக்கும். பார்லர் பனை மெதுவாக வளரும், மங்கலான மூலையிலும் சமாளிக்கும். சின்ன வீட்டுக்கு இதுதான் சரி.

மணி பிளாண்டா, ஸ்பைடர் பிளாண்டா

மணி பிளாண்ட் சேம்புக் குடும்பம். மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், டிஃபன்பேக்கியா, சிங்கோனியம், அக்ளோனிமா, பீஸ் லில்லி, இசட் இசட் எல்லாம் அதே குடும்பம்தான், எல்லாவற்றிலும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சேம்புத் தண்டை வெட்டிய கை அரிப்பதும் இதனால்தான். பூனை கடித்தவுடன் அந்த ஊசிகள் வாயிலும் நாக்கிலும் இறங்கும், எச்சில் ஒழுகும், முன்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும், சில சமயம் வாந்தி. எரிச்சல் உடனே வருவதால் பெரும்பாலும் ஒரு கடியோடு விட்டுவிடும். லில்லியின் ஆபத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது, இதில் உயிர் போவது அபூர்வம். ஆனாலும் தொண்டை வீங்கினால் மூச்சுக்குத் தடை வரலாம், ஆக விளையாட்டும் இல்லை.

ஸ்பைடர் பிளாண்டில் விஷம் கிடையாது. அதன் பிரச்சினையே வேறு: பூனைக்கு அதை ரொம்பப் பிடிக்கும். நீண்டு தொங்கும் மெல்லிய இலை காற்றில் ஆடும்போது அதற்கு வேட்டைப் புத்தி வந்துவிடும். முன்காலால் இலையைத் தொட்டியோடு சேர்த்து அமுக்கி, தலையைச் சாய்த்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து நறநறவென்று கடிக்கும். முழுசாக அறுபடாமல் இலை நடுவில் நசுங்கி, அந்த இடத்திலிருந்து நுனி வரை பழுப்பாகி நிற்கும். செடி பிழைக்கும், ஆனால் அழகாக இருக்காது. நிறையத் தின்றால் பூனை வாந்தியும் எடுக்கும். விஷமற்ற செடி என்றால் தீவனம் என்று அர்த்தமில்லை, எந்தப் பச்சையை நிறையத் தின்றாலும் பூனை கக்கும்.

பராமரிப்பில் மணி பிளாண்ட் ஜெயிக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஸ்பைடர் பிளாண்டுக்கு முள்ளங்கி மாதிரி பருத்த வேர்கள், அதில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், ஒரு வாரம் விட்டுவிட்டாலும் சாகாது. இலை நுனி பழுப்பாவதற்குப் பூனையைத் தவிரக் காரணம் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கும். குழாய் நீரிலுள்ள ஃபுளோரைடும் உப்பும் நுனியில் போய்ச் சேர்கின்றன. மழைநீரோ வடிகட்டிய நீரோ கிடைத்தால் விடுங்கள், இல்லையென்றால் நுனியைக் கத்தரித்துவிட்டுப் போங்கள், செடிக்கு ஒன்றும் ஆகாது. தொங்கும் தண்டில் வரும் குட்டிச் செடிகளைக் கிள்ளி நட்டால் இன்னொரு தொட்டி தயார், பூனைக்குப் பழைய தொட்டி, வரவேற்பறைக்குப் புதுத் தொட்டி என்று பிரித்துக்கொள்ளலாம்.

கொடிதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஹோயா. தடித்த மெழுகு இலை, விஷமில்லை, மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். மணி பிளாண்டைப்போல இருட்டுக்குப் பழகாது, ஜன்னலோரம் வேண்டும். பூத்து முடிந்த காம்பை வெட்டிவிடாதீர்கள், அடுத்த பூ அதே காம்பில்தான் வரும்.

ஸ்நேக் பிளாண்டா, ஆஸ்பிடிஸ்ட்ராவா

ஸ்நேக் பிளாண்டில் இருப்பது சபோனின் என்ற நச்சுப்பொருள். வாந்தி, பேதி, சோர்வு வரும். இதைத் தாவரவியலாளர்கள் இப்போது டிரசீனா இனத்தில் சேர்த்துவிட்டார்கள். மற்ற டிரசீனாக்களும், லக்கி பாம்பூ என்று விற்கப்படுவதும் (அது மூங்கில் இல்லை, டிரசீனாவேதான்) பூனை விஷயத்தில் இதே வகை.

இந்தச் செடியைக் கொல்ல ஒரே வழி தண்ணீர். மண் ஈரமாகவே இருந்தால் அடியில் அழுகும், மேலே இலை நிமிர்ந்து பச்சையாகத்தான் நிற்கும், ஒருநாள் தூசி துடைக்கப் பிடித்தால் கையோடு வந்துவிடும், அடிப்பாகம் பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு.

இதற்குப் போட்டியாக நான் நிறுத்துவது ஆஸ்பிடிஸ்ட்ரா. அகலமான கரும்பச்சை இலை மண்ணிலிருந்து நேராக ஒவ்வொன்றாகக் கிளம்பும். மங்கலான வெளிச்சம், தூசி, மறதி எல்லாவற்றையும் தாங்கும், பூனைக்கும் பாதுகாப்பு. அப்படியென்றால் ஏன் எல்லா வீட்டிலும் இல்லை? மிக மெதுவாக வளர்கிறது, அதனால் நர்சரிக்காரர்களுக்கு லாபமில்லை, தேடித்தான் வாங்க வேண்டும். நேர் வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முரட்டுத்தனமும் பாதுகாப்பும் சேர்ந்து வரும் சில செடிகளில் இது ஒன்று.

ஏற்கெனவே ஸ்நேக் பிளாண்ட் இருக்கிறதே, தூக்கிப் போடவா என்று கேட்டால், வயதான, எதையும் கடிக்காத பூனை என்றால் நான் அவசரப்படமாட்டேன். முற்றிய இலை விறைப்பானது, மெல்ல அதில் சுவாரசியம் இல்லை. குட்டிப் பூனை வருகிறது என்றால் அதற்கு முன்னாலேயே செடியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பீஸ் லில்லிக்குப் பதில் எது

பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி, மேலே சொன்ன சேம்புக் கூட்டம். சிறுநீரகத்தை அது தொடாது, வாயை எரிக்கும். அதனால் பயமும் அலட்சியமும் இரண்டும் நடக்கின்றன. சிலர் பீஸ் லில்லியைப் பார்த்து அலறுகிறார்கள், சிலர் பீஸ் லில்லியால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று அசல் லில்லியையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். இரண்டாவது பிழை உயிரை வாங்கும்.

மாற்றாக எல்லோரும் கலாத்தியாவைக் காட்டுவார்கள். இலையின் கோலம் அழகுதான், ராத்திரியில் இலையைத் தூக்கி மடித்துக்கொள்வதும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காற்றில் ஈரப்பதம் வேண்டும், மண் காயக்கூடாது, ஊறவும் கூடாது, உப்பு நீர் ஆகாது. ஓரம் முறுமுறுவென்று காய்ந்த கலாத்தியாவைப் பார்க்காத வீடு குறைவு. நான் கலாத்தியாவுக்கு ஓட்டுப் போடமாட்டேன்.

ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்குப் போடுவேன். ஆர்க்கிட் என்றாலே கஷ்டம் என்ற பயம் இந்த வகைக்குப் பொருந்தாது. இது மரத்தில் ஒட்டி வளரும் செடி, மண்ணில் வைத்தால்தான் அழுகும். மரப்பட்டைத் துண்டுகளில், ஒளி ஊடுருவும் தொட்டியில் வையுங்கள். எப்போது தண்ணீர் விடுவது என்பதை வேரே சொல்லும்: வெள்ளி நிறமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, விட வேண்டாம். இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் செடி வேறு இல்லை. பூ மாதக்கணக்கில் நிற்கும், பூனைக்கு ஆபத்தில்லை.

மற்ற ஜோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோற்றுக்கற்றாழைக்குப் பதில் ஹவோர்த்தியா: பார்க்கக் குட்டிக் கற்றாழை, விஷமில்லை, வளர்ப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஜேட், கலஞ்சோ இரண்டும் வேண்டாம், அதிலும் கலஞ்சோவில் இதயத்தைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது, அந்த இடத்தில் எச்செவெரியா வைக்கலாம். ஆஸ்பராகஸ் ஃபெர்ன் ஃபெர்னே அல்ல, பூனைக்கு ஆகாது. பாஸ்டன் ஃபெர்ன் ஆகும், ஆனால் மண் ஒரு தடவை காய்ந்தால் தரையெல்லாம் சிற்றிலை கொட்டும், பெருக்கத் தயாராக இருங்கள். வாங்கும் முன் பெயரில் சந்தேகம் இருந்தால் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் தாவரவியல் பெயரைப் போட்டுப் பாருங்கள், கடைப் பெயரை நம்பாதீர்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காக விஷச்செடியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989ல் வந்த நாசா ஆய்வு மூடிய சிறு சோதனைப் பெட்டிகளில் நடந்தது. 2019ல் அப்படிப்பட்ட ஆய்வுகளை மொத்தமாக அலசியவர்கள் கண்டது: சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும். ஜன்னலைத் திறங்கள்.

செடியை விட மண் ஆபத்தாகும் இடம்

பாதுகாப்பான செடியை வாங்கிவிட்டு அதற்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் கொடிய விஷம், சரியாகப் பதப்படுத்தாத புண்ணாக்கில் அது மிஞ்சியிருக்கலாம். எலும்புத்தூள் வாசனைக்கும் விலங்குகள் வந்து தோண்டும். பூனை வீட்டில் நன்றாக மக்கிய மண்புழு உரம் போதும். மாவுப்பூச்சி வந்தால், வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவும் பூச்சிமருந்தை ஊற்றாதீர்கள், அந்த மருந்து பூனை கடிக்கும் இலைக்கும் போய்விடும். ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

தொட்டி மண்ணைப் பூனை கழிப்பிடமாக்கினால் மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள், சின்னதாக இருந்தால் அதையும் தோண்டும். கல்லுக்கு அடியில் மண் மெதுவாகத்தான் காயும், ஆகவே ஒரு கல்லை நகர்த்தி விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் விடுங்கள். தொட்டி கனமானதாக இருக்கட்டும், அடியில் ஓட்டை கட்டாயம்.

கூடவே பூனைக்கென்று ஒரு தொட்டி. கோதுமையோ ஓட்ஸோ பார்லியோ ஊறவைத்துத் தெளித்தால் ஒரு வாரம் பத்து நாளில் புல் வந்துவிடும். மஞ்சளாகத் தொடங்கும் முன் அடுத்ததை விதைத்துவிட வேண்டும், காய்ந்த புல்லைப் பூனை சீண்டாது, நேராக உங்கள் ஸ்பைடர் பிளாண்டுக்குத்தான் போகும்.

இத்தனைக்கும் மீறி எதையாவது தின்றுவிட்டால், வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுத்துவிட்டு, கடிபட்ட செடியின் ஒரு துண்டையோ படத்தையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அது தனி ஆபத்து. மணி பிளாண்ட் என்றால் போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது. லில்லி என்று சந்தேகம் வந்தாலே, பூனை நன்றாக ஓடியாடிக் கொண்டிருந்தாலும், ரோமத்தில் மகரந்தம் இருந்தால் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள்.