பாறைச் செதுக்கல் பாக்க ஜிப்பனா, வெஸ்ட் ஹெட்டா? சிட்னியில ரெண்டும் போய்ப் பாத்த கதை

ஊர்லேந்து அப்பா அம்மா வந்தா சிட்னியில எல்லாரும் என்ன பண்ணுவோமோ அத நாங்களும் பண்ணி முடிச்சாச்சு, ஓபரா ஹவுஸ், பாண்டை பீச், ப்ளூ மவுண்டன்ஸ், ஹெலன்ஸ்பர்க் கோயில். எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார், "இந்த ஊரோட பூர்வகுடி ஆளுங்களோடதுன்னு ஒண்ணுமே காட்டலியேடா". பத்து வருஷமா இங்க இருக்கேன், எனக்கே பதில் தெரியல.

அப்படி ஆரம்பிச்சதுதான். கடலும் வேணும், நேஷனல் பார்க்கா இருக்கணும், பூர்வகுடிகள் விட்டுட்டுப் போன அடையாளமும் பாக்கணும், ஒரே நாள்ல போயிட்டு வரணும்னு தேடினா நமக்கு ரெண்டுதான் தேறும். தெக்கால ராயல் நேஷனல் பார்க், அதுல பண்டீனா ஊரை ஒட்டி ஜிப்பன் ஹெட்ங்கற கடல் முனை. வடக்கால கூரிங்காய் சேஸ், அதுல வெஸ்ட் ஹெட். மொதலாவது 1879ல அறிவிச்சது, அமெரிக்காவோட யெல்லோஸ்டோனுக்கு அடுத்து உலகத்துல பழசும்பாங்க. ரெண்டாவது 1894. ரெண்டுலயும் பீச் இருக்கு, காட்டுப் பாதை இருக்கு, ரெண்டும் ஒரே மாதிரி மணற்பாறை. பார்க்குக்குள்ள கார் நிறுத்த நாங்க போனப்ப ரெண்டு இடத்துலயும் ஒரு நாளைக்கு 12 டாலர். இதெல்லாம் வச்சு முடிவு பண்ண முடியாது.

நான் ஜிப்பன் கட்சி. ஏன்னு சொல்றேன்.

மொதல்ல போனது வெஸ்ட் ஹெட்டுக்கு, டிசம்பர் லீவுல. பசங்கள எழுப்பி, இட்லி கட்டி, எல்லாரும் கெளம்பி, மேற்கு சபர்ப்லேந்து ஓட்டிட்டுப் போய்ச் சேரும்போது மணி பன்னெண்டரை. பேசின் டிராக்னு ஒரு அகலமான மண் ரோடு, அதுல கொஞ்ச தூரம் நடந்தா பெரிய தட்டையான பாறை, அதுல மனுஷங்க, மீன், வாலபிங்கற சின்ன சைஸ் கங்காரு எல்லாம் செதுக்கியிருக்குன்னு போர்டு சொல்லுது. பாறை இருக்கு, போர்டு இருக்கு, படத்தக் காணோம். அப்பா கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிப் பாக்கறார், பையன் "இங்க ஒண்ணும் இல்லப்பா"ன்னு காருக்குத் திரும்பிட்டான், அம்மா பாவம் எனக்காக "ஆமா ஏதோ கோடு மாதிரி தெரியுது"ன்னாங்க. ஒண்ணும் தெரியலங்கறதுதான் நெசம்.

தப்பு பாறை மேல இல்ல, நான் போன நேரத்து மேல. இது பெயிண்ட் பண்ணின படம் இல்ல, கோட்டுருவம் மட்டும் பள்ளமா வெட்டினது. இதவிடக் கெட்டியான கல்லால வரிசையா சின்னச் சின்னக் குழியா கொத்திட்டு, அப்புறம் அந்தக் குழிகளச் சேத்துத் தேய்ச்சு ஒரே கோடாக்கியிருக்காங்க. "அம்மி கொத்தற மாதிரிதானே"ன்னு அப்பா டக்குனு புடிச்சிட்டார். அந்தப் பள்ளம் காத்துலயும் மழையிலயும் தேஞ்சு தேஞ்சு இப்ப ரொம்ப ஆழம் கெடையாது, பாறை என்ன கலரோ பள்ளமும் அதே கலர். அப்ப கண்ணுக்கு எதுதான் தெரியும்னா, பள்ளத்துக்குள்ள விழற நெழல் மட்டும்தான். வெயில் பக்கவாட்டுல சாஞ்சு அடிச்சா நெழல் விழும், உச்சிலேந்து அடிச்சா விழாது. டிசம்பர் கடைசியில சிட்னியில சூரியன் உச்சிக்கு வரும்போது கிட்டத்தட்ட 80 டிகிரி ஒசரத்துல நிக்கும், நேரா மண்டை மேலன்னே வச்சுக்கங்க. அதுவே ஜூன் கடைசியில நடு மத்தியானத்துலயே 33 டிகிரிதான். அதாவது குளிர்காலத்துல நாள் பூரா சாஞ்ச வெயில், கோடைக்காலத்துல காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், அவ்ளோதான். இது தெரியாமப் போனா எந்த பார்க்குக்குப் போனாலும் வெறும் பாறையப் பாத்துட்டு வர வேண்டியதுதான். சில பேரு கோடு தெரியணும்னு சாக்பீஸ் தடவறது, மேல ஏறி நடக்கறதுன்னு பண்றாங்க, மணற்பாறை உதிர்ந்துடும், தயவுசெஞ்சு வேண்டாம்.

அடுத்த தடவ ஜூலையில ஜிப்பன். க்ரோனுல்லா ஸ்டேஷன்ல எறங்கி கொஞ்சம் நடந்தா பெரி, அதாவது பயணிகள் படகு. கரனுல்லான்னு ஒரு மரப் படகு இருக்கு, 1939ல கட்டினது, நாங்க போனப்பவும் ஓடிட்டிருந்துது. அரை மணி நேரத்துல பண்டீனா, ஊருக்குள்ள நடந்து ஜிப்பன் பீச், பீச் முடியற எடத்துலேந்து காட்டுப் பாதை. இது தாராவால்ங்கற பூர்வகுடி மக்களோட நெலம். செதுக்கல் இருக்கற பாறைய சுத்தி ஒசரமா பலகைப் பாதை போட்டிருக்காங்க, அதுமேல நின்னு கீழ பாக்கறோம். மூணரை மணி வெயில். திமிங்கலம், கங்காரு, திருக்கை மீன், எல்லாம் யாரோ கரிக்கோடு போட்ட மாதிரி தெளிவா கெடக்கு. அந்த சீசன்ல ஹம்ப்பேக் திமிங்கலங்க வடக்கால போற நேரம், கொஞ்சம் தள்ளி ஜிப்பன் முனையில நின்னா கடல்ல ஊதறது தெரியும். எங்களுக்கு ரெண்டு தடவ தண்ணி பீச்சினது மட்டும் தெரிஞ்சது, உடம்பு தெரியல. பையன் திரும்ப ஓடிவந்து பாறையில இருக்கற திமிங்கலத்த இன்னொரு தடவ பாத்தான்.

இது நியாயமான போட்டியே இல்ல, ஒண்ணு டிசம்பர் மத்தியானம், இன்னொண்ணு ஜூலை சாயங்காலம்னு நீங்க கேப்பீங்க. சரிதான். அதுக்காகவே ஆகஸ்ட்ல நான் மட்டும் காலையில கெளம்பி பேசின் டிராக் திரும்பப் போனேன். நல்லாவே தெரிஞ்சுது, உருவங்க எண்ணிக்கையில ஜிப்பனவிட அதிகம்னுகூட சொல்வேன். அப்பயும் ஏன் ஜிப்பன்னா, நம்ம ஆளுங்க குடும்பத்தோட கெளம்பினா கரெக்ட் டைமுக்குப் போய்ச் சேர மாட்டோம். அப்ப கேள்வி என்னன்னா, வெயில் சாயற வரைக்கும் எங்க காத்திருக்கறது? பண்டீனாவுல கடை இருக்கு, டாய்லெட் இருக்கு, ஜிப்பன் பீச்சுல அலை கம்மி, பசங்க மண்ணுல வெளையாடிட்டு இருப்பாங்க, மூணு மணி நேரம் போறதே தெரியாது. வெஸ்ட் ஹெட்ல வியூ பாயிண்டும் பிக்னிக் டேபிளும்தான், கடை கெடையாது, பஸ் கெடையாது, ராத்திரி கேட்டப் பூட்டிடுவாங்க.

வெஸ்ட் ஹெட்ட மட்டம் தட்டறேன்னு நெனைக்காதீங்க. அந்த வியூ பாயிண்ட்லேந்து பிட்வாட்டர், எதுக்கால பேரன்ஜோயி லைட்ஹவுஸ் எல்லாம் பாத்தா ஜிப்பன் பக்கத்துலயே வராது. ரெட் ஹேண்ட்ஸ்னு ஒரு குகை இருக்கு, கைய வச்சு செம்மண் ஊதி எடுத்த கைத்தடம், அது கலரு, வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அதனால கோடையில நடு மத்தியானம்தான் போக முடியும்னா கண்ண மூடிட்டு வெஸ்ட் ஹெட் போங்க. முட்டி வலி இருக்கறவங்களுக்கும் பேசின் டிராக்தான் தேவல, ஜிப்பன்ல பீச் மணல்ல நடக்க எங்கம்மா ரொம்ப செரமப்பட்டாங்க. ஒரு விஷயம், கூரிங்காய்ங்கற பேரே 1892ல ஜான் ஃப்ரேசர்னு ஒருத்தர் எழுத்துல உண்டாக்கினது, அங்க வாழ்ந்தவங்க தங்கள அப்படிக் கூப்பிட்டுக்கிட்டதா ஆதாரமில்லன்னு சொல்றாங்க, கேரிகல்ங்கற குடிப் பேரத்தான் அந்தப் பக்கத்துக்குச் சொல்றாங்க.

ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு வருஷத்துக்கு நாலு தடவ போறவங்களுக்கு ஒரு ஐடியா. கோயில் இருக்கறது ராயல் பார்க்கோட தெக்கு ஓரம், பண்டீனா வடக்கு ஓரம். வீக்கெண்ட்ல காலையில சாமி பாத்துட்டு, கேண்டீன்ல சாப்பிட்டுட்டு, பார்க்குக்குள்ள போற ரோட்டுலயே ஓட்டினா வெயில் சாயற நேரத்துக்கு சரியா ஜிப்பன். பெரும்மழை பேஞ்சிருந்தா ஆட்லி தடுப்பணை மேல ரோட்ட மூடிடுவாங்க, வீட்டுக்குத் திரும்பறப்ப வாட்டர்ஃபால் வழியாத்தான் சுத்தி வரணும்.

மூணாவதா பூடெரி நேஷனல் பார்க்கையும் சேக்கணும், ஜெர்விஸ் பேல இருக்கறது. அங்க நெலமே ரெக் பே பூர்வகுடி சமூகத்துக்குச் சொந்தம், 1995ல திருப்பிக் கொடுத்தாங்க, அவங்க அரசாங்கத்துக்கு லீசுக்கு விட்டு சேந்து நடத்தறாங்க. மருந்துச் செடியெல்லாம் வச்சு அவங்களோட பொட்டானிக் கார்டனும் உண்டு. அடையாளம் பாக்கறதவிட ஆளுங்களோட பேசறதுதான் முக்கியம்னா ரெண்டையும் விட்டுட்டு அங்கதான் போகணும்னு எனக்குத் தோணுது. ஆனா நான் போனது ஒரே தடவ, நாள் பூரா மழை, கார விட்டு எறங்கினது மர்ரேஸ் பீச்சுல பத்து நிமிஷம். நியூ சவுத் வேல்ஸ் பார்க் பாஸ் அங்க செல்லாது, அது மத்திய அரசு ஏரியா, கேட்ல போய்த்தான் எனக்கே தெரிஞ்சுது.

ஜிப்பனுக்குப் பெரியில போறவங்க கடைசி பெரி எத்தனை மணிக்குன்னு எறங்கும்போதே பாத்து வச்சுக்கங்க. ஜூலையில அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடுது, நாங்க மொபைல் டார்ச்ச அடிச்சுக்கிட்டு அம்மாவக் கைத்தாங்கலா புடிச்சுட்டு மணல்ல ஓடாத கொறைதான்.