சூரியன் எங்கே எழும்: வரைபடமா, போன் கேமராவா, நேரில் போய்ப் பார்ப்பதா?

சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்கும்போது தப்பு செய்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். சூரியன் கண்ணெதிரே இறங்குகிறது. இடம் சரியில்லை என்றால் நாலு எட்டு நகர்ந்துகொள்ளலாம். உதயத்தில் அந்த வசதி இல்லை. இருட்டில் ட்ரைபாடை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். முதல் கீற்று நினைத்த இடத்துக்குத் தள்ளி எட்டிப் பார்த்தால் அந்தக் காலை போச்சு. ஆகவே சூரியன் எழும் இடத்தை முன்கூட்டியே அறிய உதவும் வரைபடம், போன் கேமரா, நேரில் போவது என்ற மூன்று வழிகளையும் உதயத்தை மனதில் வைத்தே எடைபோடுகிறேன்.

முதல் வழி, சூரியனின் திசையை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் இணையதளங்கள், செயலிகள். சன்கால்க், போட்டோகிராஃபர்ஸ் எஃபெமெரிஸ் இரண்டும் இந்த வகை. இடத்தைக் குறித்துத் தேதியை மாற்றினால் உதயத் திசையும் அஸ்தமனத் திசையும் கோடுகளாகத் திரும்பும். இதன் அருமை தெரிய ஒரு கணக்கு: சூரியனின் அகலம் சுமார் அரை பாகை. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டி, உதயப் புள்ளி நிலநடுக்கோட்டருகிலேயே நாளுக்குச் சுமார் 0.4 பாகை நகர்கிறது. துருவங்களை நோக்கிப் போகப்போக இன்னும் கூடுதல். கோபுர உச்சியில் சூரியன் உட்கார வேண்டும் என்றால், அப்போது ஒரு நாள் தவறினாலும் சூரியன் பக்கத்தில் போய் நிற்கும். ஜூன், டிசம்பர் 21 வாக்கில் அது பல நாள் ஏறக்குறைய அதே இடத்தில் எழும், அவசரமில்லை.

தூரத்தையும் வரைபடத்திலேயே அளந்துவிடலாம். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் சூரிய வட்டத்துக்குள் கச்சிதமாக அடங்க, நாம் ஏறத்தாழ 185 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

குறை என்ன? பொதுவாகச் சொல்லப்படும் உதய நேரம் தட்டையான அடிவானத்துக்கானது. எதிரே 3 பாகை உயரத்துக்கு ஒரு குன்று இருந்தால், நிலநடுக்கோட்டருகே கூடச் சூரியன் குறைந்தது 12 நிமிடம் தாமதமாகத்தான் தலைகாட்டும். அதற்குள் சிவப்பு வெளுத்துவிடும்.

குன்று விஷயத்தில் இரண்டாவது வழி கெட்டி. போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகளில் போனை உயர்த்திப் பிடித்தால், கேமரா காட்டும் காட்சியின் மேலேயே சூரியப் பாதை நேரத்தோடு விரியும். எந்த மரத்துக்குப் பின்னால், எத்தனை மணிக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இது போனின் திசைகாட்டியை நம்பி நிற்பது, பக்கத்தில் இரும்பு இருந்தால் அது தடுமாறும். ஒருமுறை இரும்புக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பார்த்து இடம் முடிவு செய்தேன். மறுநாள் சூரியன் வேறெங்கோ எழுந்தது. 5 பாகை பிசகு என்றால் பத்துச் சூரியன் அகலம்! பகலில் திரைச் சூரியன் வானத்துச் சூரியன் மேல் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

போட்டோபில்ஸில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ‘நாளை எங்கே எழும்’ என்பதைத் தலைகீழாக்கி, ‘இந்தக் கோபுரத்துக்குப் பின்னால் என்றைக்கு வரும்’ என்றும் கேட்கலாம், தேதிகளைத் தரும்.

நேரில் போவது பழைய வழி. குறுக்கே ஓடும் மின்கம்பி, விடியும்வரை பூட்டியிருக்கும் கேட், அலை ஏறினால் மூழ்கும் பாறை இவற்றைக் கண்தான் கண்டுபிடிக்கும். முந்தைய நாள் பகலில் ஒரு நடை போதும்.

என் தேர்வு: தேதிக்கு வரைபடம், இடத்துக்கு நேரில் ஒரு நடை. போனை உயர்த்திப் பார்ப்பது எதிரே மலையோ கட்டடமோ இருந்தால் மட்டும். திறந்த கடற்கரைக்கு அது வேண்டியதில்லை.

மேகம் இந்த மூன்றுக்கும் அடங்காது. வானிலை காட்டும் விண்டி தளத்தில் தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். உயரத்தில் மெல்லிய மேகம், அடிவானம் சுத்தம் என்றால் அலாரம் வையுங்கள். அடிவானத்தில் தாழ்மேகம் அடைத்திருந்தால் நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவேன்.