குன்னூரில் வீட்டுப் பத்திரம் பார்த்துக் கொடுத்த வக்கீல்: எங்கள் அனுபவம்

மலையில் வீடு வாங்கப் போகிறவர்கள், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக அவரிடமே பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாங்கள் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒன்பது சென்ட் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கினோம். அதற்கு முன்னால் பிடித்துப்போன இன்னொரு வீட்டை வேண்டாம் என்று விட்டோம். இரண்டுக்குமே பத்திரம் பார்த்தவர் குன்னூர் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் ஒரு வக்கீல். அவர் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, அவரும் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், நீங்கள் போகும் வக்கீல் எப்படி என்று பார்க்க அது போதும்.

முதல் நாள் உட்கார்ந்ததும் அவர் கேட்டது பத்திரத்தை இல்லை. "வீட்டைக் காட்டினது யாரு சார், புரோக்கரா ஓனரா? அவங்க என்கிட்ட வேலை பார்த்திருக்காங்களான்னு நான் முதல்ல பார்க்கணும்" என்றார். ஓனர் பெயரையும் ஓனருடைய அப்பா பெயரையும் ஒரு பழைய நோட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஃபைலை வாங்கினார். சின்ன ஊரில் இது ரொம்ப முக்கியம். புரோக்கர்கள் "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார், அவரே பார்த்துடுவார்" என்று நல்ல மனதோடுகூடச் சொல்வார்கள், ஆனால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே ஆள் பத்திரம் பார்த்தால் சிக்கல் வரும்போது அவர் யார் பக்கம் நிற்பார்? பேங்க் லோன் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பேங்க் வக்கீல் கொடுக்கும் லீகல் ஒப்பீனியன் பேங்கின் பணம் திரும்பி வருமா என்று பார்ப்பதற்காக எழுதப்படுவது. நீங்கள் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா, காரை வீட்டு வாசல் வரை கொண்டுபோக முடியுமா என்பதெல்லாம் அதில் வராது. தனியாக ஒரு வக்கீல் வையுங்கள்.

நாங்கள் விட்டுவிட்ட வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல வீடு, பின்னால் தேயிலை, விலையும் கட்டுப்படியானது. பட்டாவில் அண்ணன் தம்பி மூன்று பேர் பெயர் கூட்டாக இருந்தது, மூன்று பேரும் கையெழுத்துப் போடத் தயார். ஆன்லைனில் எடுத்த வில்லங்கச் சான்றிதழும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) சுத்தமாக இருந்தது. வெளியூர் வக்கீலாக இருந்திருந்தால் இதோடு சரி என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். இவர் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கேட்டார். அது வர இழுத்துக்கொண்டே போனது. வந்தபோது அதில் இரண்டு மகள்கள் பெயரும் இருந்தது. ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார், இன்னொருவர் எதுவும் எழுதித் தரவில்லை. விற்கிறவர் தரப்பில் "அதுக்குக் கல்யாணத்துக்கே நகை போட்டு அனுப்பியாச்சு" என்றார்கள். வக்கீல் பொறுமையாகச் சொன்னார்: "நகை போட்டதெல்லாம் பத்திரம் ஆகாதுங்க. அந்தம்மா கையெழுத்துப் போடட்டும், நாளைக்கே கிரயம் பண்ணிக்கலாம்."

இது மலையில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, ஆனால் இங்கே பாகம் பிரிக்காத நிலம் நிறைய, வாய்வழிப் பாகமும் நிறைய. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்தார் என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்து என்றால், தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணம் ஆகாத மகள்களுக்கு உரிமை வந்தது, 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து, அப்படி அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது வேறு கதை. ஆக, அந்த இன்னொரு மகளின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை வாங்கினால், பல வருடம் கழித்துக்கூட அவரோ அவர் பிள்ளைகளோ பங்கு கேட்டு வழக்குப் போட வழி இருக்கிறது. அதை விடுங்கள், ஒரு பெண்ணின் பங்கை அவருக்குத் தெரியாமல் வாங்கி அதில் குடியிருக்க எங்களுக்கே மனம் வரவில்லை. அவர் கடைசிவரை வரவில்லை, நாங்கள் விலகிவிட்டோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வக்கீலிடம் போயிருந்ததால் பணம் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. பத்திர நகல்களை வக்கீலிடம் காட்டிய பிறகுதான் அட்வான்ஸ், அதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வாங்கிய வீடு. இதில் தலைவலி பாதை. ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி பக்கத்துக்காரர் தேயிலைக்குள் புகுந்து போகிறது. விற்கிறவர் கொடுத்த பத்திரக் கட்டில் 1982 பத்திரத்திலிருந்துதான் இருந்தது, எதிலும் பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. வக்கீல் புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் சர்வேயர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, சாரலில் எங்களோடு அந்தச் சரிவு முழுக்க நடந்தார். செக்குபந்தியில், அதாவது பத்திரத்தின் எல்லை விவரத்தில், சொன்ன நான்கு எல்லையும் தரையில் இருக்கிறதா, வீட்டுக்கு மேலே இருக்கும் தடுப்புச் சுவர் யாருடைய நிலத்தில் நிற்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, குடிக்கத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்த ஊர்க்காரருக்குத் தடுப்புச் சுவர் சாதாரண விஷயமாகத் தெரியாது.

பாதைக்கு விடை கிடைத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில். நாங்கள் பார்த்தபோது பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் 1975 முதல்தான் பார்க்க முடிந்தது, அதற்கு முந்தையதை மனுக் கொடுத்து ஆபீஸ் புத்தகங்களில் தேட வைக்க வேண்டியிருந்தது. இவர் அந்தத் தேடலைச் செய்ய வைத்தார். அதில் 1963-ல் பதிவான ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. நகல் எடுத்துப் பார்த்தால் எட்டடி வண்டிப்பாதையும் ஊற்றுத் தண்ணீரும் இந்தப் பாகத்துக்கு உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது! பின்னால் பத்திரம் எழுதியவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள். எங்கள் கிரயப் பத்திரத்தில் அந்த வரியை 1963 பத்திர எண்ணோடு மறுபடியும் சேர்த்தார், பக்கத்துக்காரரிடமும் பேசி அவர் கையெழுத்தோடு பாதைக்குத் தனியாக ஒரு ஒப்பந்தம் பதிவு செய்தோம். அந்தப் பெரியவர் "நடக்கிறதுக்கு நான் என்னைக்குத் தடுத்தேன்" என்று வருத்தப்பட்டார், வக்கீல்தான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இது நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னார்.

மலைக்கென்றே இருக்கும் மற்ற கேள்விகளையும் ஒன்று விடாமல் பார்த்தார். கிராமம் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் (மலையில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) பட்டியலில் வருகிறதா, நிலம் 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா (அப்படியிருந்தால் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது), விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவா, வீட்டுக்குக் கட்டட அனுமதி உண்டா, அனுமதி வாங்கிய பிளானும் நிற்கிற வீடும் ஒன்றா. நீலகிரியில் உயரக் கட்டுப்பாடு ஏழு மீட்டர், மேலே ஒரு அறை கூடுதலாகப் போட்ட வீட்டை வாங்கினால் சீல் வைக்க வரும்போது சாவி உங்கள் கையில்தான் இருக்கும். ஓனர் பெயரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்றும் கோர்ட்டில் தேடினார், வில்லங்கத்தில் எல்லா வழக்கும் வராது.

கூடலூர், பந்தலூர், மசினகுடிப் பக்கம் இடம் பார்க்கிறவர்களை இவர் எடுத்துக்கொள்வதில்லை, அங்கே உள்ள வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது. கூடலூரில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலம் (பழைய ஜென்மிகள், அதாவது நிலச்சுவான்தார்கள், தோட்டத்துக்குக் குத்தகை விட்ட நிலம்) என்று ஒரு பெரிய விவகாரம் இருக்கிறது, அந்தச் சட்டத்தைச் சுற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய் 2007-ல் தீர்ப்பானது. மசினகுடி, சீகூர்ப் பக்கம் 2010-ல் அறிவித்த யானை வழித்தடத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குன்னூரில் இருந்துகொண்டே "அதையும் பார்த்துடலாம்" என்று சொல்லாமல், தெரியாத வட்டாரத்தைத் தெரியாது என்று சொல்கிறார்.

குறைகளும் உண்டு. கோர்ட் நேரத்தில் போனை எடுக்கவே மாட்டார், திருப்பிக் கூப்பிடுவது சாயங்காலம்தான், சில நாள் அதுவும் இல்லை. அவசரப்படுகிறவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். ஒப்பீனியன் முழுக்க ஆங்கிலத்தில் கடினமான சட்ட நடையில் இருந்தது, தமிழில் எழுதித் தரக் கேட்டோம், வாயால் விளக்கினாரே தவிர எழுதித் தரவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது கிரயப் பத்திர டிராஃப்டைப் பார்த்தபோதுதான். ஜூனியர் டைப் செய்ததில் சர்வே உட்பிரிவு எண் மாறியிருந்தது. என் மனைவி பட்டாவைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்ததால் பிடிபட்டது. பதிவான பிறகு என்றால் பிழைத்திருத்தல் பத்திரம், விற்றவரைத் தேடி மறுபடியும் ஆபீசுக்கு அழைத்து வருவது என்று எவ்வளவு அலைச்சல். உடனே திருத்தி மன்னிப்பும் கேட்டார், இருந்தாலும் இவ்வளவு கவனமாகப் பார்க்கும் ஆபீசில் அது நடந்திருக்கக் கூடாது. எந்த வக்கீலிடம் போனாலும் டிராஃப்டை வீட்டுக்கு வாங்கி வந்து நீங்களே படியுங்கள்.

ஃபீஸ் முதல் நாளே சொல்லிவிட்டார், பத்திரம் பார்த்து ஒப்பீனியன் கொடுக்க ஒன்று, கிரயப் பத்திரம் எழுத ஒன்று. சொத்து மதிப்பில் சதவீதம் கேட்கவில்லை, ரசீது கொடுத்தார். விட்டுவிட்ட வீட்டுக்கு ஒப்பீனியன் காசு மட்டும்தான். இரண்டையும் சேர்த்தாலும் புரோக்கர் கமிஷனில் பாதிகூட ஆகவில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் நாம் எப்படியும் கட்டுகிறோம், அதோடு பார்த்தால் இது பெரிய தொகையே இல்லை. ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால் விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்கிறவருக்கான வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். பதிவு முடிந்ததும் கைகழுவாமல், உட்பிரிவு செய்து பட்டா எங்கள் பெயருக்கு மாறும்வரை தாலுகா ஆபீசில் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மார்க் போனதும் டிராஃப்டுக்காக. உங்கள் ஊர் வக்கீலிடம் முதல் தடவை போகும்போது பட்டா, புலப்படம், இருக்கிற பத்திரங்களின் நகல், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் எடுத்துப் போங்கள். இடத்தை நேரில் வந்து பார்ப்பாரா, 1975-க்கு முந்தைய வில்லங்கம் தேடுவாரா, ஒப்பீனியனில் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்று அங்கேயே கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் ஃபைலைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.